லேப்டாப் தானாக ஆஃப் ஆகிறதா? ஃபார்மட் போடுவதற்கு முன்னால்

ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துபோகிறது என்று கடைக்குக் கொண்டுபோனால், பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில், "விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கும்ணே, ஒரு ஃபார்மட் போட்டுப் பாத்துருவோம்" என்பதுதான். இந்த ஒரு கோளாறுக்கு ஃபார்மட் அளவுக்கு வீணான வைத்தியம் வேறு இல்லை. விண்டோஸ் கெட்டால் நீலத்திரை வரும், திரை உறைந்து நிற்கும், ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். பட்டென்று கரண்டையே துண்டித்துக்கொண்டு போவது அதன் குணமல்ல. அப்படி அணைந்தால் காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று: சூடு, அல்லது கரண்ட் வரும் பாதையில் எங்கோ ஒரு பலவீனம். இரண்டில் எது என்பதை அணையும் நேரத்தைக் கவனித்தாலே பாதி கண்டுபிடித்துவிடலாம்.

அணைந்தபோது சார்ஜர் சொருகியிருந்ததா? அடிப்பக்கம் கை வைக்க முடியாத அளவு கொதித்ததா? ஃபேன் கடைசி நிமிஷம் வரை இரைந்ததா, அல்லது ஆரம்பத்திலிருந்தே சத்தம் இல்லையா? இவற்றைவிட முக்கியமான கேள்வி, அணைந்த உடனே பவர் பட்டனை அழுத்தினால் என்ன நடக்கிறது என்பது. ஐந்து பத்து நிமிஷம் ஆறவிட்டால்தான் நின்று ஓடுகிறது என்றால் சூடு. சார்ஜரைச் சொருகினால்தான் உயிர் வருகிறது என்றால் பேட்டரி. உடனே ஆன் ஆகிறது, ஆனால் மடியில் சற்று நகர்த்தினால் மறுபடி போய்விடுகிறது என்றால் எங்கோ லூஸ் கனெக்ஷன்.

அடுத்து, விண்டோஸ்மேல் சந்தேகம் இருந்தால் அதைக் காசு செலவில்லாமல் தீர்த்துக்கொள்ளலாம். லேப்டாப்பை ஆன் செய்து பயாஸ் திரைக்குப் போங்கள், விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் செட்டிங்ஸ் திரை அது. கம்பெனியைப் பொறுத்து எஃப்2, எஃப்10 அல்லது டெலீட் கீ. அந்தத் திரையிலேயே அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். அங்கே விண்டோஸே கிடையாது. அங்கேயும் அணைந்தால் ஃபார்மட் பேச்சை அதோடு விட்டுவிடலாம். பயாஸில் நின்று ஓடி, விண்டோஸில் மட்டும் அணைகிறது என்பதற்காக விண்டோஸ்தான் குற்றவாளி என்று முடிவுகட்டவும் முடியாது. வேலை கொடுத்தால்தானே சூடும் கரண்ட் இழுப்பும் ஏறும்.

விண்டோஸ் தானே எழுதிவைக்கும் குறிப்பு ஒன்று உண்டு. ஸ்டார்ட் பட்டனில் ரைட் க்ளிக் செய்து ஈவென்ட் வியூவர், அதில் விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம். வலப்பக்கம் ஃபில்டர் என்று இருப்பதைத் திறந்து, ஐடி கேட்கும் கட்டத்தில் 41, 42, 86, 1074, 6008 என்று கமா போட்டு எழுதுங்கள். கெர்னல்-பவர் 41 என்று சிவப்பாக வருவதைப் பார்த்துப் பயந்து இணையத்தில் தேடுகிறவர்கள் ஏராளம். அது நோயின் பெயரே அல்ல. "போன தடவை ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை" என்று அடுத்த தடவை ஆன் ஆகும்போது எழுதப்படும் வரி, அவ்வளவுதான். 6008-உம் அப்படியே. ஆனால் 41-ஐத் திறந்து டீடெய்ல்ஸ் பக்கத்தில் பக்செக்கோட் என்ற வரியைப் பாருங்கள். அங்கே 0 இருந்தால் நீலத்திரை எதுவும் பதிவாகவில்லை, பெரும்பாலும் கரண்ட்தான் போயிருக்கிறது. வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்து போயிருக்கிறது, டிரைவர், ரேம் பக்கம் தேட வேண்டும். 86 இருந்தால் சூடு எல்லை மீறியதால் அணைத்ததாக விண்டோஸே ஒப்புக்கொள்கிறது. 1074 என்றால் ஏதோ ஒரு புரோகிராம் முறைப்படி ஷட்டவுன் கேட்டிருக்கிறது, பெரும்பாலும் அப்டேட். எந்தப் புரோகிராம் என்ற பெயரும் அதே வரியில் இருக்கும்.

42 சுவாரஸ்யமானது. அது ஷட்டவுனே அல்ல, ஸ்லீப். காரணம் என்று "பட்டன் ஆர் லிட்" என்று எழுதியிருந்தால், மூடி மூடப்பட்டதாகவோ பவர் பட்டன் அழுத்தப்பட்டதாகவோ லேப்டாப் நினைத்திருக்கிறது. மூடி திறந்திருக்கிறதா என்பதை ஒரு காந்த சென்சார்தான் சொல்லும். கை வைக்கும் இடத்தில் காந்தம் வைத்த போன் கவர், காந்தக் கொக்கி போட்ட பிரேஸ்லெட், வாட்ச் பட்டை ஏதாவது வந்தால் திரை பட்டென்று கறுத்துவிடும். போனைத் தள்ளி வையுங்கள், தீர்ந்தது. பவர் பட்டன் கீபோர்டு வரிசையிலேயே இருக்கும் மாடல்களில் டீ சிந்திய பிறகு அந்தக் கீ ஒட்டிக்கொண்டு தானாக அழுத்திக்கொள்வதும் உண்டு. கீபோர்டை மாற்றுவதுதான் வழி.

இனி சூடு. சித்திரையும் வைகாசியும் மதுரையில் லேப்டாப்புக்குச் சோதனைக் காலம். அறை வெப்பம் எவ்வளவு ஏறுகிறதோ, ஏறக்குறைய அதே அளவு ப்ராசஸர் வெப்பமும் ஏறும். 25 டிகிரி ஏசி அறையில் 85-இல் ஓடிய லேப்டாப், கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே 38 டிகிரி அறையில் அதே வேலைக்கு 98-ஐத் தொடும். இன்டெல் ப்ராசஸர்கள் பெரும்பாலும் 100 டிகிரி வாக்கில் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். அப்படிக் குறைத்தும் சமாளிக்க முடியாதபோதுதான் கரண்டைத் துண்டிக்கும். ஆகவே சூட்டால் அணைகிறது என்றால் லேசான தூசி இல்லை. ஃபேன் நின்றிருக்கிறது, காற்று வழி அடைத்திருக்கிறது, அல்லது சிப்புக்கும் அதன் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்குக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் காய்ந்து, இரண்டும் தொடவே இல்லை.

மூன்றில் எது என்று பின்மூடியைத் திறக்காமலே சொல்லலாம். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி, சென்சார்கள் மட்டும் காட்டும்படி திறந்து, லாகிங் பட்டனை அழுத்திவிடுங்கள். சில நொடிக்கு ஒரு தடவை எல்லா வெப்பநிலையையும் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே வரும். அணைந்த பிறகு அந்தக் கோப்பை எக்ஸெலில் திறந்து கடைசி வரிகளைப் பாருங்கள். கடைசிச் சில நொடிகள் எழுதப்படாமல் போகலாம், பரவாயில்லை. வேலை கொடுத்த இரண்டு மூன்று நொடிக்குள் 55-லிருந்து 98-க்குத் தாவினால், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில்தான் கோளாறு, அதாவது பேஸ்ட் அல்லது ஸ்க்ரூ. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் படிப்படியாக ஏறினால் காற்றோட்டம், அதாவது தூசி அல்லது ஃபேன். ப்ராசஸர் 100-இல் நிற்கிறது, ஃபேனும் வேகமாக ஓடுகிறது, ஆனால் வெளியே வரும் காற்று சூடாகவே இல்லை என்றால், பேஸ்ட் காய்ந்திருக்க வேண்டும், அல்லது ஹீட்சிங்கில் சூட்டைக் கடத்தும் செம்புக் குழாய் செத்திருக்க வேண்டும். கடைசி வரியில் 65 டிகிரிதான் இருக்கிறது என்றால் ப்ராசஸர் சூட்டை விட்டுவிட்டுப் பேட்டரிப் பத்திக்குப் போங்கள்.

தூசி என்று பொதுவாகச் சொல்கிறோம், ஊருக்குள்ளேயே அது இடத்துக்கு இடம் வேறு. செல்லூர் பக்கம் தறி ஓடும் தெருக்களில் பஞ்சு. மேலூர் பக்கம் கிரானைட் அறுக்கும் இடங்களில் மாவு மாதிரிக் கல்தூசி. அடுப்படியோடு சேர்ந்த சின்ன வீட்டில் எண்ணெய்ப் புகையோடு கலந்த பிசுபிசுப்பு. இவற்றில் பஞ்சுதான் மோசம். ஃபேனுக்கும் ஹீட்சிங்கின் மெல்லிய தகடுகளுக்கும் இடையே அது படிந்து, கம்பளித் துண்டு போல ஒரு திண்டாகவே ஆகிவிடும். வெளியிலிருந்து ப்ளோயர் அடித்தால் இந்தத் திண்டு வெளியே வராது. இன்னும் இறுகிப்போகும், அல்லது பிய்ந்து ஃபேனுக்குள் விழும். சர்வீஸ் என்ற பெயரில் பின்மூடியைத் திறக்காமல் ப்ளோயர் மட்டும் அடித்துக்கொடுப்பதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

திறந்து சுத்தம் செய்வது பொறுமை இருப்பவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். வாரண்டி இருந்தால் மட்டும் கை வைக்க வேண்டாம். ஸ்லீப்பில் வைக்காமல் முழுக்க ஷட்டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றுங்கள். பின்பக்க ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் இருக்காது; வெள்ளைத் தாளில் லேப்டாப் படம் போட்டு, கழற்றும் ஸ்க்ரூவை அந்தந்த இடத்திலேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் போட்டு முறுக்கினால் மதர்போர்டைக் குத்தி, அதுவே புது ஷார்ட்டுக்கு வழி. எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லை என்றால் ரப்பர் கால்களுக்கு அடியில் இரண்டு ஒளிந்திருக்கும். காலாவதியான ஏடிஎம் கார்டை விளிம்பில் விட்டு ஓட்டினால் க்ளிப்புகள் விடும். ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீர்கள்.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. வயரைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக்கைப் பிடித்து எடுங்கள். பிறகு ஃபேனின் வயரைக் கழற்றி, ஃபேன் மூடியைத் திறந்தால் அந்தத் திண்டு அப்படியே தெரியும். சாமணத்தால் முழுசாக உரித்து எடுத்துவிடலாம். மிச்சத்துக்கு மெல்லிய பெயின்ட் பிரஷ் போதும். ப்ளோயர் அடிப்பதானால் ஃபேன் இறகை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். காற்று வேகத்தில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். விரலால் சுண்டிப் பாருங்கள். வழுக்கிச் சுற்றினால் நல்லது. கரகரவென்று உரசினால், உடனே நின்றால், எண்ணெய் விட்டு ஒப்பேற்றாதீர்கள், ஃபேனை மாற்றுங்கள். ஃபேன்மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பார்ட் நம்பரும் வோல்ட்டும் இருக்கும். பெரும்பாலும் 5 வோல்ட், சில கேமிங் மாடல்களில் 12. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் படம் எடுத்துக் காட்டி வாங்குவது நல்லது.

பேஸ்ட் மாற்றுவதானால் ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து, மாட்டும்போது 1-லிருந்து. ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும், சிப்பின் விளிம்பு உடையவும் செய்யும். பழைய பேஸ்ட்டை 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். ஜெல் சானிடைசர், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் வேண்டாம். புதுப் பேஸ்ட் ஒரு அரிசி அளவு போதும். சிப் நீளமாக இருந்தால் பழைய கார்டால் முழுக்க மெல்லிசாகத் தடவிவிடுங்கள், ஏனென்றால் லேப்டாப் சிப்பின்மேல் மூடி கிடையாது, பேஸ்ட் படாத மூலை தனியாகக் கொதிக்கும். டப்பாவில் வரும் மலிவான வெள்ளை சிலிகான் பேஸ்ட் டிரான்சிஸ்டருக்கு ஆகும், லேப்டாப்புக்கு ஆகாது, சீக்கிரமே காய்ந்துவிடும். ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 மாதிரி ஒரு சின்ன ட்யூப் வாங்கினால் நாலைந்து லேப்டாப்புக்கு வரும். பக்கத்துச் சிப்புகள்மேல் ரப்பர் மாதிரி சாம்பல் நிறப் பேட் இருந்தால் கிழியாமல் அப்படியே விடுங்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால் அதே தடிமன்தான் போட வேண்டும். அரை மில்லிமீட்டர் இருந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர் போட்டால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு ப்ராசஸரைத் தொடாது. "சர்வீஸ் பண்ணின பிறகுதான் அதிகமா ஆஃப் ஆகுது" என்ற புகார் வரும் இடங்களில் இதையும் பார்க்க வேண்டும்.

திறக்கப் பயமாக இருக்கிறது, பரீட்சை முடியும்வரை ஓட்டினால் போதும் என்கிறவர்களுக்கு ஒரு தற்காலிக வழி. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட், அதில் மேக்ஸிமம் ஸ்டேட் 100 என்பதை 99 ஆக்குங்கள். ஒரு சதவீதம் குறைப்பதாகத் தோன்றும். உண்மையில் வேலை கூடும்போது ப்ராசஸர் எடுக்கும் கூடுதல் வேகமான டர்போவே நின்றுவிடும், வெப்பநிலை நன்றாக இறங்கும். சில புது மாடல்களில் இந்த வரி மறைத்துவைக்கப்பட்டிருக்கும். அணைவதும் இதோடு நின்றால், வியாதி சூடுதான் என்பதும் உறுதியாகிவிடுகிறது.

பேட்டரிக்கு வருவோம். 30, 35 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே எச்சரிக்கை இல்லாமல் அணைவது இதன் தனி அடையாளம். பேட்டரிக்குள் மூன்று நான்கு செல்கள் தொடராக இருக்கும். ஒன்று மட்டும் பலவீனமானாலும் போதும். யூடியூப் திறக்கும் நொடியில் கரண்ட் இழுப்பு ஏற, அந்த ஒரு செல்லின் வோல்டேஜ் சடாரென்று விழ, பேட்டரியின் பாதுகாப்பு சர்க்யூட் இணைப்பைத் துண்டித்துவிடும். விண்டோஸுக்குத் தெரிந்தது சதவீதக் கணக்கு மட்டுமே, அதனால் அதற்கு எச்சரிக்க நேரமே கிடைப்பதில்லை.

பார்ப்பதற்கு கமாண்ட் ப்ராம்ப்ட் திறங்கள். பவர் என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி மூன்றெழுத்தையும் ஒட்டி எழுதி, ஓர் இடம் விட்டு, முன்சாய்வுக் கோடு போட்டு, பேட்டரி ரிப்போர்ட் என்பதை இடைவெளியில்லாமல் சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். எந்த ஃபோல்டரில் ரிப்போர்ட் போய் விழுந்தது என்பதையும் அதுவே சொல்லும். அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். இரண்டாவது, முதலாவதில் பாதிக்கும் கீழே போயிருந்தால் யோசிக்காமல் மாற்றலாம். எண் நன்றாக இருந்தும் அணைகிறது என்றால், நூறு வரை சார்ஜ் ஏற்றி, இரண்டு மணி நேரம் சார்ஜரிலேயே விட்டு, பிறகு சார்ஜரைக் கழற்றி, தானாக ஹைபர்னேட் ஆகும்வரை ஓடவிட்டு, இடையில் நிறுத்தாமல் மறுபடி நூறு வரை ஏற்றுங்கள். கணக்கு மட்டும்தான் தப்பு என்றால் சரியாகிவிடும். அதன் பிறகும் பாதி வழியில் அணைந்தால் செல் போய்விட்டது. டச்பேட் மேலே எழும்பினாலோ, அடிமூடி உப்பி மேசையில் ஆடினாலோ இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். சார்ஜ் போடாமல் அணைத்துவிட்டு பேட்டரியைக் கழற்ற ஏற்பாடு செய்யுங்கள். அழுத்துவது, குத்துவது, குப்பைத் தொட்டியில் போடுவது மூன்றும் தீ விபத்துக்கு வழி.

பேட்டரி செத்த லேப்டாப்பை நேரடியாகச் சார்ஜரிலேயே ஓட்டும் வழக்கம் நம் பக்கம் அதிகம். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை பலவும் இன்றைக்கு இப்படித்தான் ஓடுகின்றன. இவை கரண்ட் ஒரு சிமிட்டுச் சிமிட்டினாலே அணையும். கரண்ட் போன பிறகு சார்ஜர் தாக்குப்பிடிப்பது சுமார் 10, 20 மில்லி செகண்ட்தான். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் அணைகிறது என்றால் அதிலுள்ள மோட் சுவிட்சைப் பாருங்கள். நார்மல் மோடில் மாறுவதற்குத் தாமதமாகும். யூபிஎஸ் மோடில் வேகமாக மாறும். யூபிஎஸ் மோடில் லோ வோல்டேஜ் வந்தாலே பேட்டரிக்குத் தாவிவிடும் என்பதால் வோல்டேஜ் குறையும் ஊர்களில் இன்வெர்ட்டர் பேட்டரி சீக்கிரம் தீரும். இந்தத் தொல்லைக்கு லேப்டாப்புக்கு ஒரு பேட்டரி வாங்கிப்போடுவதே மேல்.

லோ வோல்டேஜால்தான் லேப்டாப் அணைகிறது என்று ஸ்டெபிலைசர் வாங்குவது வீண். சார்ஜரின் அடியில் இன்புட் 100-240 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். 170 வந்தாலும் அது ஓடும். சந்தேகப்பட வேண்டியது ஆடிப்போன சாக்கெட்டும் மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸும்தான். ப்ளக்கை லேசாக ஆட்டும்போது சார்ஜர் லைட் மினுக்கினால் அங்கேதான் கோளாறு. அதே மாதிரி லேப்டாப் பக்கத்துப் பின்னை ஆட்டிப் பாருங்கள். சார்ஜ் குறி வந்து வந்து போனால், பின் சொருகும் துளையான டிசி ஜாக் லூஸ். பல மாடல்களில் அது வயரோடு தனியாக வரும் சின்ன பார்ட்தான், போர்டு மாற்ற வேண்டியதில்லை.

சார்ஜரின் வாட்டையும் பாருங்கள். 19.5 வோல்ட் 3.34 ஆம்பியர் என்றால் 65 வாட், 2.31 ஆம்பியர் என்றால் 45 வாட். பின் ஒன்றுபோல இருப்பதால் வீட்டில் இரண்டு சார்ஜர்கள் மாறிப்போவது சகஜம். 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் 45-ஐச் சொருகினால் சும்மா இருக்கும்வரை ஓடும், வீடியோ எடிட்டிங் தொடங்கியதும் சார்ஜரின் பாதுகாப்பு விழுந்து அணையலாம். சுமை இல்லாமல் மீட்டர் வைத்தால் சரியாக 19.5 காட்டும், அதை நம்பாதீர்கள். சரியான வாட் உள்ள இன்னொரு சார்ஜரை இரவல் வாங்கி ஒருநாள் ஓட்டிப்பார்ப்பதே நல்ல சோதனை. டைப்-சி லேப்டாப்புக்கு போன் சார்ஜர் போடுகிறவர்களுக்கு: சார்ஜிங் என்று காட்டிக்கொண்டே பேட்டரி இறங்கும், கடைசியில் அணையும்.

ரேம் கெட்டால் பெரும்பாலும் உறையும், நீலத்திரை வரும்; வெறுமனே அணைவது குறைவு. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றி ஓட்டிப் பாருங்கள், போதும். கடிகாரத்துக்கான சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் தேதி தப்பாகும், அணையாது. அதை மாற்றச் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம், இந்தக் கோளாறுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மழைக்காலத்தில் சிற்றெறும்பு போர்டில் குடியேறுவது மட்டும் நிஜம். பிஸ்கட்டை வைத்துக்கொண்டு டைப் அடிக்கும் வீடுகளில் திறந்து பார்த்தால் நம்புவீர்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை: "பயாஸ் அப்டேட் பண்ணினா சரியாகும்" என்று யாராவது சொன்னால், தானாக அணையும் லேப்டாப்பில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். அப்டேட் நடுவில் அணைந்தால் போர்டே போச்சு.

ஃபேன் சுத்தம், பேஸ்ட் புதுசு, பேட்டரி கனெக்டரைக் கழற்றியாயிற்று, சரியான சார்ஜர், பயாஸ் திரை. அப்போதும் அணைகிறது என்றால் போர்டில் ஷார்ட். இது சிப் லெவல் வேலை, வீட்டில் ஆகாது. டவுன்ஹால் ரோடு பக்கமோ உங்கள் பேட்டைக் கடையோ, கொடுப்பதற்கு முன் உங்கள் கோப்புகள் இருக்கும் டிஸ்க்கான எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்; பயாஸ் திரையிலேயே அணையும் கோளாறைப் பார்க்க உங்கள் டிஸ்க் அவர்களுக்குத் தேவையில்லை. எந்த பார்ட் போனது என்று கேளுங்கள். கெட்ட மாஸ்ஃபெட், கெபாசிட்டர் மாற்றினோம் என்றால் பழையதைக் காட்டச் சொல்லலாம். சிப்பை ஹீட் கன் வைத்துச் சூடேற்றி ஓடவைத்தோம் என்றால், சில வாரத்தில் மறுபடி அதே இடத்துக்கு வரும் என்று வைத்துக்கொண்டு, அதற்குத் தகுந்த காசு மட்டும் பேசுங்கள். திரும்ப வாங்கும்போது எஸ்எஸ்டியைப் போட்டு, சார்ஜரில் அரை மணி, சார்ஜர் இல்லாமல் அரை மணி, வீடியோவை முழு வெளிச்சத்தில் கடையிலேயே ஓடவிட்டுப் பார்த்த பிறகு பில்லைக் கேளுங்கள்.